லினக்ஸில் பிரிண்டர் ஓடாதா?

ஐயா,

அம்மாபேட்டையில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். என் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் அல்ல, அதற்குப் பதிலான லினக்ஸ் என்ற இயங்குதளம். அரையாண்டுத் தேர்வு சமயம் பார்த்து பிரிண்டர் மக்கர் செய்தது. வாங்கிய கடையில் கேட்டால், "உங்க லினக்ஸுக்கெல்லாம் இது வராதுங்க, விண்டோஸ் போட்டுக்கங்க" என்று பேச்சை முடித்துவிட்டார்கள். பிரிண்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது கப்ஸ் என்ற மென்பொருள். பிரவுசரில் localhost:631 என்று அடித்தால் அதன் பக்கம் திறக்கும். என் பிரிண்டர் அங்கே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அதன் பின்னால் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு வினாத்தாள்கள் எல்லாம் வரிசையில் காத்திருந்தன. கரண்ட் போய் ஒரு வேலை பாதியில் அறுந்தால் சில சமயம் கப்ஸ் அந்தப் பிரிண்டரையே நிறுத்திவிடும். கரண்ட் வந்தாலும் நாம் சொல்லாமல் அது ஓடாது. அறுந்துபோன வேலையை ரத்து செய்து 'ரெஸ்யூம் பிரிண்டர்' கொடுத்ததும் தாள் வந்தது. இதில் விண்டோஸுக்கு என்ன வேலை?

இப்போது வரும் வைஃபை பிரிண்டர்களில் பெரும்பாலானவை ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் என்ற பொது அச்சு முறையில் இயங்குகின்றன. லினக்ஸில் அவற்றுக்குத் தனி டிரைவரே, அதாவது அந்த மாடலுக்கென்று தனி மென்பொருளே, வேண்டாம். பழைய யுஎஸ்பி மாடல்கள் சிலவற்றில்தான் தகராறு. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளிலேயே பாஸ் என்ற இந்திய லினக்ஸ் இருந்ததே, அதைப் பார்த்திராத கடைக்காரரா சேலத்தில்? பிரிண்டரை விற்கும் முன் அட்டைப்பெட்டியில் ஏர்பிரிண்ட் குறி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியை,
அம்மாபேட்டை, சேலம்.