ஜவளகிரிப் புலியை நம் பிள்ளைகள் எப்போது படிப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் மாணவர்கள் படிக்க வேண்டிய பத்துப் புத்தகங்கள் என்று போன ஞாயிறு இணைப்பில் ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். பத்தில் எட்டு, ஜெயிப்பது எப்படி, விடிகாலையில் எழுவது எப்படி, பணம் சேர்ப்பது எப்படி ரகம். அந்த வகைப் புத்தகங்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' படித்துவிட்டு ஒரு வாரம் கால் தரையில் பாவாமல் திரிந்தவன்தான் நானும். ஆனால் பென்னாகரம் பக்கத்தில் முப்பது வருஷம் பி.டி. வாத்தியாராகக் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், பதிமூன்று வயசுப் பிள்ளைக்கு அறிவுரை ஏறாது. நடந்த கதை ஏறும்.

ஒரு பிள்ளை இருந்தாள், நானூறு மீட்டர் ஓடுவாள். மண்டலப் போட்டியில் கடைசி வளைவு வரைக்கும் இரண்டாவதாக வந்தவள் நான்காவதாகப் போய்விட்டாள். வெறுங்காலோடு சிமெண்ட் படியில் உட்கார்ந்து கால் விரல் இடுக்கில் இருந்த செம்மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள், யார் கூப்பிட்டாலும் நிமிரவில்லை. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியாமல் மில்கா சிங் கதையைச் சொன்னேன். 1960, ரோம் ஒலிம்பிக், அதே நானூறு மீட்டர், முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர் நடுவில் கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, மயிரிழையில் வெண்கலத்தை விட்டு நான்காவதாக வந்தார். அரை நூற்றாண்டு கழித்துத் தன் வரலாற்றைப் புத்தகமாக எழுதியபோதும் அந்த வலி அவரை விட்டுப் போகவில்லை. "அவரும் அழுதாரா சார்?" என்று கேட்டாள். அழுதார் என்றேன். அந்தப் புத்தகம் வேண்டும் என்றாள். என்னிடம் இருந்தது ஆங்கிலப் பிரதி. அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும்.

இப்படிச் சொல்லப் போனால் நிறைய இருக்கிறது. 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ரா தன் கதையை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதற்கு நான்கு வருஷம் முன்பு ஏதென்ஸில் இறுதிச் சுற்றில் ஏழாவதாக வந்தவர் அவர். ஷாக்கிள்டன் என்ற கடல் பயணி நூறு வருஷத்துக்கு முன்னால் அண்டார்டிகா போன கதையை ஆல்பிரட் லான்சிங் எழுதியதைப் படித்தால் நம் ஊர் வெயிலிலும் குளிரும். பனி நெருக்கிக் கப்பலே நொறுங்கிப் போகிறது, இருபத்தெட்டு பேர், எந்தத் தொடர்பும் இல்லை. ஷாக்கிள்டனும் ஐந்து பேரும் ஒரு சின்னப் படகில் சுமார் 800 மைல் கடல் தாண்டிப் போய் உதவி கேட்டு, மீதிப் பேரையும் மீட்டார்கள். இருபத்தெட்டு பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. தலைமைப் பண்பு பற்றி வரும் புத்தகங்களை இதற்கப்புறம் படிக்க எனக்குப் பொறுமை இல்லை.

சரி, இதெல்லாம் ரோம், அண்டார்டிகா. நம் மண்ணிலேயே நடந்தது ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கென்னத் ஆண்டர்சன், பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர், தன் காட்டு அனுபவங்களை ஆங்கிலத்தில் எழுதியவர். 1954-இல் வந்த அவருடைய முதல் புத்தகத்தின் முதல் கதையே ஜவளகிரிப் புலிதான். தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் போகிற அதே ஜவளகிரி. ஆட்கொல்லியாகிவிட்ட அந்தப் பெண்புலி துணை தேடி அலைகிறது, இவர் ஆண்புலி போலவே குரல் கொடுத்து வரவழைத்துச் சுடுகிறார். சுட்ட பிறகு துள்ளிக் குதிக்கவில்லை, இப்படி ஏமாற்றிக் கொன்றோமே என்று மனசு கனக்கிறது அவருக்கு. அடுத்த கதை கும்மளாபுரத்துச் சிறுத்தை, ஜனங்கள் இருட்டுவதற்கு முன்பே கதவுக்குப் பின்னால் பெட்டியும் கல்லும் அண்டக் கொடுத்துவிட்டு உள்ளே ஒடுங்கிக் கிடக்கிறார்கள். அஞ்செட்டி, பென்னாகரம், சின்னாறு, முத்தூர் என்று பக்கத்துக்குப் பக்கம் நம் ஊர்ப் பெயர்தான். காட்டை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில் பூசாரி என்ற பழங்குடியைச் சேர்ந்த பைராவுக்கும் பென்னாகரத்து ரங்காவுக்கும் பெரிய பங்கு உண்டு. வேட்டையை நான் சிபாரிசு செய்யவில்லை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது ஜெயில் சமாச்சாரம். தடம் பார்ப்பது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கவனிப்பது, அசையாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பது, இதையெல்லாம் அவர் எழுதியிருக்கும் விதத்துக்காகச் சொல்கிறேன்.

இந்தக் கதைகளைத் தேடி ஒரு நூலகத்துக்குப் போனேன். சுயமுன்னேற்றம் என்று எழுதி ஒட்டிய அலமாரி இரண்டு, நிரம்பி வழிகிறது. விளையாட்டு என்று கேட்டதற்கு யோகாசனம் ஒன்றும் செஸ் விதிமுறை ஒன்றும் எடுத்துக் கொடுத்தார்கள். ஜிம் கார்பெட்டின் 'குமாயுன் புலிகள்' தமிழில் வந்திருக்கிறதே, அதுவும் இல்லை. குமாயுன் எங்கேயோ வடக்கே இருக்கிறது, அதைக்கூட மன்னிக்கலாம்.

வாரம் ஒரு புத்தகம், அரைப் பக்கம் போதும், விளையாட்டு வீரர்கள், மலையேறிகள், காட்டில் அலைந்தவர்கள் எழுதியதை உங்கள் இணைப்பில் அறிமுகம் செய்யுங்கள். இங்கே புத்தகத் திருவிழா நடக்கும்போது கடை போடும் பதிப்பாளர்கள் கண்ணில் பட்டால், ஆண்டர்சன் கதைகளில் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக் கதைகளை மட்டுமாவது தனியாகத் தொகுத்து, பிள்ளைகள் வாங்குகிற விலையில் போட யாராவது முன்வரக்கூடும். படம் கூட வேண்டாம், ஒரு வரைபடம் இருந்தால் சரி.

போன மாசம் பேரனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் ஆண்டர்சனின் முண்டச்சிப்பள்ளத்து ஆட்கொல்லிப் புலி கதையை எனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் ஒருத்தன் கையைத் தூக்கினான். "தாத்தா, ஒகேனக்கல் போற ரோட்ல, நாம பைக்கை நிறுத்தி தண்ணி குடிச்சோமே, அந்த முண்டச்சிப்பள்ளமா?" அப்புறம் மீதிக் கதை முடிகிற வரை ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.