மகளுக்கு, பனி ஸ்கூட்டர் விஷயமாக

அன்புள்ள மகள்,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. அம்மா நீ மெலிந்துவிட்டாய் என்கிறாள். எனக்குப் பட்டது வேறு. ஹாண்டில் நேராக இருக்கும்போது முன் சறுக்குப் பலகை இரண்டில் இடது ஸ்கி மட்டும் வெளிப்பக்கம் பார்க்கிறது. பழைய ஸ்கி-டூ பனி ஸ்கூட்டர் வாங்கப்போகிறேன் என்று எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. சரி, வாங்கியாயிற்று. “முதுகு நோகுது, கை விறைக்குது, வளைவில் இழுக்குது” என்று எழுதினாய். பிறகு ஒரு சத்தமும் இல்லை. வட நோர்வேயில், அந்தக் காராஷோக்கில் வேலை கூடவாக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

முன்பு வைத்திருந்தவர் பெரிய உடம்புக்காரர், விறகு ஏற்றிய சறுக்கு வண்டி இழுத்தவர் என்றாய். அப்படியென்றால் பின் ஸ்பிறிங்கை அவர் தன் பாரத்துக்கு இறுக்கி வைத்திருப்பார். உன் பாரத்துக்கு அது அமுங்காது. அடி நேரே முதுகுக்கு வரும். பின்பக்கம் உயர்ந்தே நிற்பதால் பாரம் ஸ்கியில் விழுந்து, திருப்பவும் கனக்கும். முதுகும் தோளும் சேர்ந்து நோவது அதனால்தான்.

எதையும் திருப்ப முன் இப்போது உள்ள நிலையைப் படம் எடுத்து வை. ஒரு தரம் ஒன்றை மட்டும் மாற்றி, ஓடிப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொடு. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பின் பம்பரைத் தூக்கி, சஸ்பென்ஷன் முழுதாக நீண்டு நிற்கும்போது நிலத்திலிருந்து பம்பர் வரை அள. பிறகு குளிர் உடுப்பு, ஹெல்மெட், முதுகுப்பை எல்லாத்தோடும் ஏறி, இரண்டு மூன்று தரம் குதித்து அமர். வேறொருவர் அதே இடத்தில் அளக்கட்டும். ஸ்கி-டூ கைநூல்கள் பலவற்றில் இந்த வித்தியாசம் 50 முதல் 75 மில்லிமீற்றர். உன் மொடலின் கைநூல் வேறு சொன்னால் அதையே பிடி. குறைவாக இருந்தால் ஸ்பிறிங்கின் இறுக்கத்தை மாற்றும் காமை ஒரு படி இளக்கு, இரண்டு பக்கமும் ஒரே படியில். கடைசிப் படியிலிருந்து முதற்படிக்கு நேரே தாவ விடாதே, காம் உடையும்.

அதற்குப் பிறகும் ஹாண்டில் கனத்தால் லிமிட்டர் வாரை, சஸ்பென்ஷனின் முன்பக்கம் எவ்வளவு நீளலாம் என்று கட்டிப்போடும் அந்த வாரை, ஒரு துளை நீட்டு. ஸ்கி லேசாகும். கூட நீட்டினால் திறொட்டில் கொடுக்கும்போது மூக்குத் தூக்கும், வளைவில் திரும்பாமல் நேரே போகும். ஆற்றோரப் பாதையில் அது நல்லதல்ல.

ஆற்றைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

இழுப்புக்கு முதலில் தேய்மானத்தைப் பார். ஸ்கிக்குக் கீழே உள்ள கார்பைட் கம்பியை விரலால் தடவு. விளிம்பு உருண்டிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்று. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்கி நுனியைப் பிடித்து ஆட்டு. டக் டக் என்று தட்டினால் மூட்டில் உள்ள போல் ஜொயின்ற் அல்லது புஷ் தேய்ந்துவிட்டது. அதைத் திருத்தாமல் நேர் பார்ப்பது வீண்வேலை. பிறகு ஹாண்டிலை நேராகக் கட்டு. ஸ்கி நுனிகளை றப்பர் வாரால் ஒன்றையொன்று இழுத்துக் கட்டினால் தளர்வு எடுபடும். பின்னால் சுழலும் றப்பர் பட்டையான ட்ராக்கின் பக்கத்தோடு நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்றை ஒட்டிவைத்து, அதிலிருந்து கார்பைட்டின் முன்னுக்கும் பின்னுக்கும் அள. முன்பக்கம் மொத்தமாக 3 முதல் 6 மில்லிமீற்றர் விரிந்திருக்கலாம். உள்ளே குவிந்திருக்கவே கூடாது. பூட்டு நட்டுகளை மறக்காமல் இறுக்கு. பதினாறு வயதில் காரின் பிறேக்கைத் தனியாகக் கழட்டிப் பூட்டினவள் நீ. இதை உனக்கு எழுதவே தேவையில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

கை விறைப்பதற்குப் பிடியின் சூடு போதாது, அது உள்ளங்கைக்கு மட்டும். புறங்கையில் படும் காற்றை மறை. ஹாண்டிலில் கைக்கூடு பூட்டி, உயரமான கண்ணாடி போடு. மணிக்கட்டு வளையாமல் பிறேக் எட்டவேண்டும். ஹாண்டிலை உயர்த்தினால், எஞ்சின் நிற்கும்போது இரு பக்கமும் முழுதாகத் திருப்பி கேபிளோ பிறேக் குழாயோ இழுபடுகிறதா என்று வடிவாகப் பார். பிறகு எஞ்சினை வெறுமனே ஓடவிட்டுத் திருப்பு. சத்தம் ஏறினால் கேபிள் கட்டையாகிவிட்டது, அப்படியே ஓட்டாதே. ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் பண்ண முன் திறொட்டிலை அமுக்கி விடு. உறைந்து நின்றால் அப்போதே தெரியும்.

நீ விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை ஜக்கெற்றின் வளையத்தில் மாட்டு, சிப்பில் அல்ல. இழுத்து எஞ்சின் நிற்கிறதா என்று சோதி.

பனி கொஞ்சமான கெட்டி ஐஸில் நெடுக ஓடாதே. ட்ராக் உரசி ஓடும் ஸ்லைட் பிளாஸ்டிக்குக்கும், தண்ணீரால் குளிரும் எஞ்சின் என்றால் அதற்கும், குளிர்ச்சி தருவது ட்ராக் எறியும் பனிதான். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் உருகும், எஞ்சின் கொதிக்கும். ஐஸைச் சுரண்டித் தூளை மேலே எறியும் ஐஸ் கீறிகளை இறக்கிவிடு. அதைவிட, அந்த ஐஸுக்கு நீ போக என்ன தேவை? ஆற்று ஐஸ் குளத்து ஐஸ் மாதிரி அல்ல, ஓடும் தண்ணீர் அடியிலிருந்து அதைத் தின்னும். பாலத்துக்குக் கீழே, ஓடை வந்து சேரும் இடத்தில், தீவுகளுக்கு இடையில் மெல்லிசு. மேலே பனி மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, குளிரும் உள்ளே இறங்காது. 15 சென்ரிமீற்றர் தெளிந்த ஐஸ் இல்லாத இடத்தில் ஸ்கூட்டரை இறக்காதே. கம்பு நட்ட பாதையை விட்டு விலகாதே. தண்ணீரில் விழுந்தால் ஐஸில் குத்தி ஏறும் ஐஸ் குத்தியைக் கழுத்தில், ஜக்கெற்றுக்கு வெளியே போடு. மே 4 வரை பாதை திறந்திருக்கும் என்பதால் ஏப்ரல் ஐஸ் நம்பத்தக்கதென்று இல்லை. பாட்ஸ்ஃபியோர்டில் நடந்தது உனக்கும் தெரியும், நான் திரும்ப எழுதவில்லை.

அங்கேயே பிறந்து வளர்ந்த சாமி என்ற ஆதிக்குடி ஆட்கள்கூட ஆற்றைக் கேட்டறிந்துதான் போவார்கள். உன் வோர்டில் வேலை செய்பவர்களைக் கேள். பனி ஸ்கூட்டருக்கான எஸ் வகுப்பு லைசென்ஸ் எங்கள் குடும்பத்தில் நீதான் முதலில் எடுத்தாய். இங்கே வாட்ஸோவில் எல்லாருக்கும் சொல்லித் திரிகிறேன். அது தனியாகப் போவதற்கு எடுத்த லைசென்ஸ் அல்ல. கயிற்றை மாட்டு.

பம்பரின் இரண்டு அளவையும், ஸ்கியின் முன் பின் அளவையும் அனுப்பு. எந்தப் பாதையால் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறாய், அந்த ஆளின் பெயரையும் எழுது. டிரைவ் பெல்ட்டின் இலக்கம் பெல்ட்டிலேயே இருக்கும். அதைச் சொன்னால் மேலதிகமாக ஒன்று வாங்கி இந்தக் கிழமையே அனுப்புகிறேன்.

அப்பா