அந்தப் பூனை தியானம் செய்யவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய மர அச்சுப் படங்களில் வரும் விலங்குகளைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. நகைக்கடை விளம்பரத்துக்கும் ராசிபலனுக்கும் நடுவில் ஹிரோஷிகே என்ற ஓவியரின் வெள்ளைப் பூனையைப் பார்த்ததும் கையில் இருந்த காப்பி ஆறியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் படத்துக்குக் கீழே இருந்த வரியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இயற்கையோடு ஒன்றித் தியானத்தில் ஆழ்ந்த பூனை, ஜென் அமைதியின் சின்னம் என்று போட்டிருக்கிறீர்கள்.

ஐயா, அந்தப் பூனை உட்கார்ந்திருக்கும் இடம் மடமோ ஆசிரமமோ கிடையாது. அது எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், யோஷிவாரா என்ற கணிகையர் பேட்டையில் ஒரு மாடி அறை. 1857-ல் வந்த படம், எடோவின் நூறு காட்சிகள் என்ற வரிசையில் ஒன்று. ஜன்னல் கட்டையில் துண்டும் கிண்ணமும் இருக்கிறது பாருங்கள், ஓரத்தில் ஒரு தடுப்புத் திரையின் விளிம்பு மட்டும் தெரிகிறது, தரையில் சின்னச் சின்னதாக, சருகு வாரும் வாரி வடிவத்தில் கொண்டை ஊசிகள். வெளியே வயலில் எறும்புச் சாரை மாதிரி போவது சேவல் நாள் திருவிழாக் கூட்டம். அதிர்ஷ்டத்தை வாரிக்கொண்டு வரும் என்று அந்தத் திருவிழாவில் மூங்கில் வாரி விற்பார்கள், இன்றைக்கும் விற்கிறார்கள். அந்த வாரி வடிவ ஊசிகளை வாங்கி வந்து கொடுத்த ஆளும், வாங்கிக்கொண்ட பெண்ணும் திரைக்குப் பின்னால். மனிதர் ஒருவரையும் காட்டாமல் பூனையை மட்டும் ஜன்னலில் உட்கார வைத்து முழுக்கதையையும் சொல்லிவிட்டார் அந்த மனுஷன். இதில் தியானம் எங்கே வந்தது?

சரி, ஒரு படத்தில் ஏற்பட்ட தவறு என்றால் விட்டிருப்பேன். கட்டுரை முழுக்க அமைதி, தூய்மை, பிரபஞ்ச ஒருமை என்றே போகிறது. ஜப்பான் என்று வந்தாலே நம் ஆட்களுக்கு ஊதுபத்தி வாசனை வந்துவிடுகிறது. இந்தப் படங்கள் எல்லாம் கடைத்தெருச் சரக்கு. ஒரு கிண்ணம் சேமியா மாதிரி நூல் பண்டம் சாப்பிடுகிற காசுக்குக் கிடைத்தவை, சுவரில் ஒட்டியும் விசிறியில் ஒட்டியும் கிழிந்ததும் தூக்கிப் போட்டவை. அதே வரிசையில் நைட்டோ ஷிஞ்ஜுகு என்ற ஊர்ப் படம் ஒன்று உண்டு, தேடிப் பாருங்கள். ஊர்ப் பெருமை சொல்லும் படம்தான், ஆனால் முன்னால் முழுசாக அடைத்துக்கொண்டு நிற்பது குதிரையின் பின்பக்கம்! காலில் வைக்கோல் செருப்பு, கீழே லத்தி. அங்கே வண்டிப்பேட்டையில் நின்றால் என்ன தெரியுமோ அதைத்தான் போட்டிருக்கிறார்.

குனியோஷி என்ற இன்னொரு ஓவியரைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரே வரி, பூனைப் பிரியர் என்று. பிரியர்தான், மடிக்குள் குட்டியை வைத்துக்கொண்டே வரைவார் என்று சொல்வார்கள். ஆனால் அவர் பூனைகளைப் பிடித்துக்கொண்டதற்கு வேறு காரணமும் உண்டு. 1842-ல் அரசாங்கம் நாடக நடிகர்களையும் கணிகையரையும் படம் போடக்கூடாது என்று தடை போட்டது. அச்சுக்காரர்களுக்குச் சோறு போட்டதே அந்த இரண்டு கூட்டமும்தான். மனுஷர் என்ன செய்தார்? பூனைக்கு உடுப்பு மாட்டி, பிரபல நடிகரின் மூக்கையும் புருவத்தையும் அந்தப் பூனைக்கு வைத்துவிட்டார். யார் கேட்டாலும் பூனைதானே என்று சொல்லிக்கொள்ளலாம். யோஷிவாராப் பெண்களை வரைய முடியாதபோது சிட்டுக்குருவி முகம் வைத்து வரைந்தார், 1846-ல். 1843-ல் இன்னும் ஒரு படி மேலே போய், காய்ச்சலில் படுத்திருக்கும் ஒரு தளபதிக்குப் பின்னால் பெரிய சிலந்தியையும் பேய்க்கூட்டத்தையும் போட்டார். பழைய கதைதான். ஜனங்களோ படுத்திருப்பது நாட்டை ஆளும் ஷோகுன், பக்கத்தில் இருப்பது அமைச்சர், பேய்கள் எல்லாம் தடையால் பிழைப்பு போனவர்கள் என்று அடையாளம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பதிப்பாளர் பயந்துபோய்ப் படங்களைத் திரும்ப வாங்கிக் கட்டையை இழைத்தே விட்டார். செதுக்கியதை மறுபடி இழைப்புளி போட்டு வழிப்பது என்றால் என்ன என்று ஆசாரி வீட்டில் பிறந்தவனுக்குத் தெரியும், வயிறு எரியும்.

அதே குனியோஷியிடம் காளமேகம் மாதிரி சிலேடைக் குசும்பும் உண்டு. எடோவிலிருந்து கியோட்டோ போகும் பெருவழியில் 53 தங்கல்கள். அந்த ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றையும் கொஞ்சம் திரித்து ஒவ்வொரு பூனைச் சேட்டையாக்கி, 1850 வாக்கில் ஒரு பெரிய படம் போட்டார். கிளம்பும் இடம் நிஹோன்பாஷி. அதை நிஹோன் தாஷி என்று மாற்றிவிட்டார், அதாவது குழம்புக்குப் போடும் காய்ந்த சூரை மீன் இரண்டு. நம் வீட்டு மாசிக் கருவாடு தெரியுமல்லவா, கிட்டத்தட்ட அதேதான். பூனை இரண்டு மாசியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு என்ன ஆழ்ந்த தத்துவம் வேண்டிக்கிடக்கிறது, ஆசிரியரே?

எனக்கு ரொம்பப் பிடித்தது கெளுத்திப் படங்கள்தான், கட்டுரையில் அது சுத்தமாக இல்லை. பூமிக்கு அடியில் ஒரு ராட்சதக் கெளுத்தி கிடக்கிறது, அது வாலை ஆட்டினால் நிலநடுக்கம், காஷிமா சாமி அதன் தலையில் கல்லை வைத்து அழுத்திப் பிடித்திருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. 1855 நவம்பர் 11-ஆம் தேதி எடோவில் பெரிய நிலநடுக்கம். அவர்கள் கணக்குப்படி அது பத்தாம் மாதம், சாமிகள் எல்லாம் இசுமோ என்ற ஊருக்குப் போய்விடும் மாதம், அப்புறம் கெளுத்தி சும்மா இருக்குமா. இடிபாடு தணிவதற்குள் கெளுத்திப் படங்கள் கடைக்கு வந்துவிட்டன, தணிக்கை முத்திரை எதுவும் இல்லாமல், இருநூறு தினுசுக்கு மேல். வீடு இழந்தவர்கள் கெளுத்தியைப் போட்டு அடிக்கிறார்கள், ஓரத்தில் தச்சரும் கொத்தனாரும் அதைக் காப்பாற்ற ஓடி வருகிறார்கள். ஏன்? ஊர் முழுக்க வீடு கட்டுகிற வேலை வந்துவிட்டதே! சில படங்களில் கெளுத்தியோடு உட்கார்ந்து விருந்தே சாப்பிடுகிறார்கள். என் அப்பா இருந்திருந்தால் இந்தப் படத்தைப் பார்த்து வெற்றிலைச் சாறு வழியச் சிரித்திருப்பார். அவரும் நிலை, கதவு செய்த ஆசாரிதான்.

கட்டுரையில் ஒரு இடத்தில் ஜப்பானியக் கலைஞர்கள் புலியைக் காட்டில் வருஷக்கணக்காகக் கவனித்து வரைந்ததாக எழுதியிருக்கிறது. எந்தக் காட்டில்? ஜப்பான் காட்டில் புலியே கிடையாது. வெளியிலிருந்து வந்த தோலையும் வீட்டுப் பூனையையும் வைத்து ஒப்பேற்றியதுதான், அதனால்தான் அந்தப் புலிகளுக்குப் பூனை முழி. சிறுத்தையைப் பெண்புலி என்றே ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். இதில் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை, எங்கள் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளின் மேல் உட்கார்ந்திருக்கும் சுதைச் சிங்கங்களைச் செய்தவர்களும் சிங்கத்தை நேரில் பார்த்தா செய்தார்கள்? யானை மட்டும் நிஜமாகவே போயிருக்கிறது. 1728-ல் வியட்நாமிலிருந்து ஒரு ஜோடி நாகசாகியில் இறங்கியது, பெண் யானை செத்துப்போக ஆண் யானை எடோவரை நடந்தே போனது. 1863-ல் இன்னொரு யானையை எடோவில் காட்சிக்கு வைத்தபோது அச்சுக்காரர்கள் விடுவார்களா, யானையைப் பார்த்தால் நோய் அண்டாது என்று எழுதி எழுதியே படம் விற்றார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு வேலைப்பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்த நாளில் நானும் மரக்கட்டை செதுக்கி அச்சு எடுத்தவன், விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. ஹிரோஷிகே வரைவதோடு சரி. அந்த மெல்லிய தாளை அப்படியே கவிழ்த்து மலைச் செர்ரிப் பலகையில் ஒட்டிவிடுவார்கள், செதுக்குகிறவர் தாளோடு சேர்த்துச் செதுக்குவார், மூலப்படம் அதோடு போயிற்று. பூனை மீசை ஒரு மயிரிழை தெரிய வேண்டும் என்றால் அதன் இரண்டு பக்கத்து மரத்தையும் எடுத்துவிட்டு அந்த மயிரை மட்டும் நிற்க வைக்க வேண்டும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக்கட்டை. அச்சுப் போடுகிறவர் மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் தாளின் முதுகில் தேய்ப்பார். அந்த வெள்ளைப் பூனையின் உடம்பில் மை கிடையாது, மை தடவாத கட்டையில் தாளை வைத்து அழுத்தி மேடும் பள்ளமுமாக எழுப்பியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் அந்த உடம்பு புடைத்துத் தெரியும். நீங்கள் அதைத் தினசரித்தாளில் கறுப்பு வெள்ளையில் தபால்தலை அளவுக்குப் போட்டால் பூனை இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கறைதான் மிஞ்சும். இத்தனைக்கும் செதுக்கியவர் பெயர் பெரும்பாலான படங்களில் இருக்காது, வரைந்தவர் பெயரும் பதிப்பாளர் முத்திரையும் இருக்கும்.

ஒரு கதை சொல்லிவிடுகிறேன், சம்பந்தம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா ஒரு வீட்டுக்கு நிலைவாசல் செய்தபோது மேல்சட்டத்தில் வரிசையாகக் கிளி வைத்தார். எல்லாம் ஒரே பக்கம் பார்க்க, ஒரு கிளி மட்டும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் பார்க்கும். வீட்டுக்காரர் வந்து, என்ன ஆசாரி இது ஒண்ணு மட்டும் தப்பா இருக்கே என்று கேட்டதற்கு, "எல்லாக் கிளியும் முன்னாடியே பார்த்துக்கிட்டு இருந்தா, பின்னாடி கடன்காரன் வர்றானான்னு யாருங்க பார்க்கிறது?" என்றாராம் அப்பா. செட்டியாரும் சிரித்துவிட்டு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டை வாரிசுகள் பிரித்து விற்றுவிட்டார்கள், நிலை காரைக்குடிப் பழைய சாமான் கடைத் தெரு வழியாகப் போய் இப்போது ஒரு விடுதியின் வரவேற்பறையில் நிற்கிறது. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தேன். வார்னிஷ் அடித்துப் பளபளவென்று இருந்தது, கிளி அதே மாதிரி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பித்தளைத் தகட்டில் ஏதோ எழுதியிருந்தார்கள், ஆன்ம விழிப்பின் குறியீடாம். என் வீட்டுக்காரம்மா கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் மேனேஜரிடம் கடன்காரன் கதையைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பேன்.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். கட்டுரை எழுதியவரை நான் குறை சொல்லவில்லை, இணையத்தில் பாதி இடத்தில் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் படவிளக்கத்தை மட்டும் திருத்திப் போடுங்கள். முடிந்தால் பூனையை வண்ணத்தில் ஒரு கால்பக்க அளவிலாவது மறுபடி போடுங்கள், கூடவே குனியோஷியின் மாசி இழுக்கும் பூனையையும்.

பின்குறிப்பு: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, "ஐயா, இந்தப் பூனை ஏன் உள்ளே போகாம ஜன்னல்லயே உக்காந்திருக்கு?" என்று கேட்டாள். மேலே உங்களுக்கு எழுதியதை எல்லாம் அவளிடம் சொல்ல முடியுமா. உள்ளே விருந்தாளி வந்திருக்காங்கம்மா, அதான் வெளியே திருவிழா பார்த்துக்கிட்டு இருக்கு என்று சொல்லி வைத்தேன். அதிலும் பொய் ஒன்றும் இல்லையே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
தேவகோட்டை.