உங்கள் எச்எச்ஓ கிட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு என் பணத்தை முழுதாகத் தாருங்கள்

வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் எச்எச்ஓ கிட்டை, அதாவது ஜாடித் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி, அதைப் பிரித்து வரும் ஹைட்ரஜன்-ஆக்சிஜன் வாயுவை இன்ஜினுக்குள் அனுப்பும் கருவியை, வாங்கி என் பெட்ரோல் காரில் நானே பொருத்தினேன். அட்டைப் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 30 சதவீதம் வரை மைலேஜ் கூடும் என்று போட்டிருக்கிறீர்கள். கூடவில்லை. அதோடு செக் இன்ஜின் விளக்கும் எரிய ஆரம்பித்தது. உங்கள் சேவைப் பிரிவுக்கு எழுதிக் கேட்டால், "உங்கள் வண்டியில் இன்ஜெக்டர் ஒழுகுகிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்" என்று ஒரு வரியில் பதில் வருகிறது. இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் அந்த இன்ஜெக்டர் ஒழுகவில்லை. எப்படித் தெரியும் என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன், கடைசிவரை படியுங்கள்.

மைலேஜுக்காகக் காரில் நாமே சின்னச் சின்ன மாற்றங்கள் செய்வதில் எனக்கு வெகுநாளாக ஈடுபாடு உண்டு. முன் கிரில்லில் பாதியை அடைத்துவிட்டு கூலன்ட் சூடு ஏறுகிறதா என்று ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே ஓட்டுவது, வண்டியின் அடிப்பக்கத்தில் தகடு போட்டு காற்று சீராகப் போக வழி செய்வது, எதைச் செய்தாலும் முன்னும் பின்னும் அளந்து எழுதிவைப்பது என்று பொறுமையாகச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சம்பாதித்து வைத்திருக்கும் நம்பிக்கையைத்தான் நீங்கள் விற்றுக் காசாக்குகிறீர்கள். எனக்குப் பணம் போனதைவிட இதில்தான் கோபம் அதிகம்.

உங்கள் கையேட்டையே எடுத்துக்கொள்வோம். ஜாடியைப் பொருத்துவதற்கு முன் செய்ய வேண்டியவை என்று ஒரு பக்கம். நான்கு டயரிலும் சரியான அளவு காற்று அடிக்க வேண்டும், டிக்கியில் கிடக்கும் வேண்டாத சுமையை இறக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்க வேண்டும், "வாயு நன்றாகக் கலப்பதற்காக" 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. வாயு கலப்பதற்கும் 80க்கும் என்ன சம்பந்தம்? காற்றின் தடை வேகத்தின் இருமடியில் ஏறும், 80லிருந்து 100க்குப் போனாலே ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். 100இல் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் உங்கள் பேச்சைக் கேட்டு 80இல் ஓட்டினால் மைலேஜ் கூடத்தான் செய்யும், ஜாடி வீட்டு அலமாரியில் இருந்தாலும் கூடும். வேலை செய்தது டயர் காற்றும் ஓட்டுகிறவரின் காலும், பேர் மட்டும் ஜாடிக்கு. உங்கள் விளம்பரத்தில் மகிழ்ந்து பேசுகிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை, அவர்களுக்கு மைலேஜ் கூடியிருக்கும், ஏன் கூடியது என்பதைத்தான் நீங்கள் மறைத்துவிட்டீர்கள்.

என் வண்டியில் அந்தப் பக்கத்தில் உள்ளதெல்லாம் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பவை. புதிதாக வந்தது ஜாடி மட்டும். ஒரே பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பி, ஒரே பாதையில், கிட்டின் ஃப்யூஸை மாட்டியும் கழற்றியும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். ஜாடி மட்டும் ஓடியபோது எந்த வித்தியாசமும் இல்லை.

வித்தியாசம் வரவும் வராது, கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 1 லிட்டர் வாயு வரும் என்கிறீர்கள், சரி, வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் இரண்டு பங்குதான் ஹைட்ரஜன், அதை எரித்தால் கிடைப்பது சுமார் 7 கிலோஜூல். மணிக்கு 4 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் இன்ஜின் ஒரு நிமிடத்தில் எரிப்பது 2,000 கிலோஜூலுக்கு மேல். இந்த 7ஐ உண்டாக்க உங்கள் ஜாடி 20 ஆம்பியர் இழுக்கிறது, அதாவது நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 17 கிலோஜூல் மின்சாரம், அதுவும் ஆல்டர்னேட்டர் வழியாக அதே பெட்ரோலிலிருந்து வருவதுதான். 17 கொடுத்து 7 வாங்கி, அதிலும் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் சக்கரத்துக்குப் போகும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட எரிபொருள் சேமிப்புக் கருவிகளை ஆராய்ந்துவிட்டு, குறிப்பிடும்படி மைலேஜ் கூட்டும் கருவி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று சொன்னதில் ஆச்சரியமே இல்லை.

அப்புறம் அந்தச் சின்ன கறுப்புப் பெட்டி. "ஹைட்ரஜனுக்கு ஏற்ப இன்ஜினைச் சரிசெய்யும்" என்று எழுதியிருக்கிறீர்கள். மீட்டர் வைத்துப் பார்த்தேன். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்துச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரிலிருந்து வரும் வோல்டேஜோடு இன்னும் கொஞ்சம் வோல்டேஜைக் கூட்டி அனுப்புகிறது, அவ்வளவுதான். இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று நம்பிக் குறைத்துக்கொண்டே போகிறது. ஸ்கேனரில் ஃப்யூவல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது குறைக்கிறது என்ற அளவு, மைனஸில் ஆழமாக இறங்கி, கடைசியில் பி0172, அதாவது கலவையில் பெட்ரோல் மிக அதிகம் என்ற பிழைக் குறியீடு வந்தது. உங்கள் ஆட்கள் இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்று சொன்னது இந்தக் குறியீட்டை வைத்துத்தான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை வெள்ளை வெளேரென்று இருக்கிறது, பெட்ரோல் குறைவாகப் போவதன் அடையாளம் அது. பெட்ரோல் ஒழுகும் இன்ஜினில் பிளக் கரி பிடித்துக் கறுத்திருக்கும். பெட்டியைக் கழற்றியதும் டிரிம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, விளக்கும் திரும்ப எரியவில்லை.

பெட்டியால் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமாகலாம். ஆனால் 14.7க்கு 1 என்ற காற்று-பெட்ரோல் கலவையை ஒட்டி ஓடினால்தான் புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் முழுதாக வேலை செய்யும். காற்று அதிகமானால் நைட்ரஜன் ஆக்சைடு அப்படியே சைலன்சர் வழியாக வெளியே போகும், அடுத்தவர் மூச்சில் கலக்கும். இதைப் பசுமைத் தொழில்நுட்பம் என்று எப்படி மனசாட்சியோடு அச்சடிக்க முடிகிறது?

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜாடிக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேயைச் சாவி போட்டதும் மின்சாரம் வரும் இக்னிஷன் வயரில் கொடுக்கச் சொல்கிறீர்கள், இன்ஜின் ஓடாமல் சாவி ஆனில் இருந்தாலும் வாயு வந்து ஏர் ஃபில்டர் பெட்டியில் சேரும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். தீ குழாய் வழியே ஜாடிக்குத் திரும்பாமல் தடுக்கும் வால்வும் கிட்டில் கிடையாது. ஜாடித் தண்ணீரில் கலப்பதற்கான பொட்டாசியம் ஹைட்ராக்சைடை, தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருளை, வெறும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள், கையுறை போடு, கண்ணில் பட்டால் உடனே கழுவு என்று ஒரு எச்சரிக்கை வரிகூட இல்லை. வீட்டில் குழந்தை இருக்கும் ஒருவர் அதைப் பிரித்திருந்தால்? துருப்பிடிக்காத தகடு என்கிறீர்கள், ஜாடித் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறி அடியில் சகதி படிந்திருக்கிறது, தகடுகளின் ஓரம் அரித்திருக்கிறது. படங்களை இணைத்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். கிட்டின் முழு விலையும் திரும்ப வர வேண்டும், பாதி விலைக்குக் கூப்பன் தருகிறோம் என்ற பேச்சு வேண்டாம். ஏற்கெனவே வாங்கியவர்கள் எல்லோருக்கும் ரிலே இணைப்பை மாற்றச் சொல்லியும், தடுப்பு வால்வு இலவசமாக அனுப்பியும், கறுப்புப் பெட்டியைக் கழற்றச் சொல்லியும் நீங்களே எழுத வேண்டும். 30 சதவீதம் என்ற வரியை அட்டையிலிருந்து எடுக்க வேண்டும், எடுக்க மாட்டோம் என்றால் டயரையும் வேகத்தையும் தொடாமல் ஜாடியை மட்டும் வைத்துச் செய்த சோதனையின் முடிவை எனக்கு அனுப்புங்கள். பதில் 15 நாளுக்குள் எழுத்தில் வராவிட்டால் இதே கடிதத்தையும் படங்களையும் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் கொடுப்பேன்.

ஜாடி, தகடுகள், ரிலே, கறுப்புப் பெட்டி எல்லாம் கழுவிக் காயவைத்துக் கட்டிவைத்திருக்கிறேன், எந்த முகவரிக்கு அனுப்புவது என்று சொல்லுங்கள். மீதி இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கூரியரில் அனுப்ப மாட்டேன், அதை எடுத்துப்போக நீங்கள்தான் ஆள் அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்