ஒரே நாற்காலி, இரண்டு வேகம்

மாநிலச் சட்டப்பேரவைத் தலைவர்கள் அனைவருக்கும்,

வணக்கம். நீங்கள் பதவியேற்கும் நாளில் நடக்கும் ஒரு காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். அவை முன்னவர் ஒரு பக்கம், எதிர்க்கட்சித் தலைவர் மறுபக்கமாக உங்களை அழைத்துப்போய் இருக்கையில் அமர்த்துகிறார்கள். தேர்தல் மேடையில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்டவர்கள், அந்தச் சில அடி தூரம் மட்டும் உங்களோடு சேர்ந்து நடக்கிறார்கள்.

கட்சித்தாவல் மனு மேசைக்கு வரும்போது அந்த நடை மறந்துபோகிறது. 1985-இல் அரசியலமைப்பில் சேர்ந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித்தாவல் தடைச் சட்டம், கட்சி தாவும் உறுப்பினரின் பதவியைப் பறிக்கும் தகுதிநீக்க அதிகாரத்தை உங்களிடம் கொடுத்தது. அது செல்லும் என்று 1992-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவரில் மூவர் சொன்னார்கள். பெரும்பான்மையின் தயவில் பதவியில் இருப்பவர் எப்படி நடுவராக முடியும் என்பது மற்ற இருவரின் கவலை.

தமிழ்நாட்டில் 2017-இல் என்ன நடந்தது? முதலமைச்சருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்களில் 18 பேர் ஒரு மாதத்துக்குள் பதவி இழந்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக வாக்களித்த அதே கட்சியின் 11 பேர் விஷயத்தில் நோட்டீஸ் போகவே 2020 ஆகிவிட்டது. இடையில் அவர்கள் ஆளும் தரப்போடு சேர்ந்திருந்தார்கள். 18 பேர் நீக்கம் சரியென்று உயர் நீதிமன்றமே பிறகு சொன்னது. அதை நான் கிளறவில்லை. ஒரே நாற்காலிக்கு எப்படி இரண்டு வேகம் வந்தது என்பதுதான் என் ஆதங்கம். மனு கிடப்பில் கிடந்தே பேரவைக் காலம் முடிந்தால், தாவியவர் ஜெயித்ததாகத்தானே அர்த்தம்?

1967-இல் மக்களவைத் தலைவரானதும் நீலம் சஞ்சீவ ரெட்டி கட்சியிலிருந்து விலகினார். எல்லோராலும் அது முடியாது, புரிகிறது. பிரிட்டனில் சபாநாயகரை எதிர்த்துப் பெரிய கட்சிகள் பொதுவாக வேட்பாளரை நிறுத்துவதில்லை. இங்கே கட்சி சீட் கொடுத்தால்தான் அடுத்த தேர்தல். அந்தப் பயத்தோடு நியாயம் சொல்லச் சொல்வது உங்களுக்கும் கொடுமைதான்.

அதனால் நான் கேட்பது மனுவை முடிக்க ஒரு கெடு மட்டும். மூன்று மாதம், 2020-இல் மணிப்பூர் கட்சித்தாவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனு வந்ததும் விசாரணைத் தேதியை அவையில் அறிவியுங்கள். உங்களை அமர்த்திய கட்சிக்குச் சங்கடம் தரும் மனுவென்றால் அதை முதலில் எடுங்கள். அதுவும் முடியாதென்றால், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் நிரந்தரத் தீர்ப்பாயம் அமைக்கலாம் என்று அதே தீர்ப்பு நாடாளுமன்றத்துக்குச் சொன்ன யோசனையை, அடுத்த அகில இந்திய சபாநாயகர்கள் மாநாட்டில் நீங்களே தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

மரியாதையுடன்,
ஒரு வாக்காளர்