வசந்தாவுக்கு, மூக்கு ஸ்பிரே பற்றி

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததைப் படித்ததும் இவரைக் கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளை வீடு உடுமலை என்பதால் நினைத்தபோது போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதுவே பெரிய நிம்மதி. நான் ஓய்வு பெற்றுவிட்டாலும் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் செவிலியாக இருந்தவள் என்பதால், தெருவில் யாருக்குத் தும்மல் வந்தாலும் இங்கேதான் வருகிறார்கள்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. உன் அலர்ஜி மூக்கடைப்புக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த புளூட்டிகசோன் ஸ்பிரேயை, ஸ்டீராய்டு என்று யாரோ சொன்னதைக் கேட்டு பீரோவில் பூட்டி வைத்துவிட்டாய். தீபாவளியிலிருந்து தினமும் இரவில் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தை விட்டுக்கொள்கிறாய். வசந்தா, உனக்குக் கெடுதல் செய்வது அந்தச் சொட்டு மருந்துதான். அது மூக்கின் உள்சவ்விலுள்ள ரத்தக்குழாய்களைச் சுருக்கி, சில நிமிடங்களில் அடைப்பைத் திறந்துவிடும். ஆனால் நாள்கணக்கில் தொடர்ந்து விட்டால், மருந்தின் வேகம் தணிந்ததும் சவ்வு முன்னைவிட மோசமாக வீங்கும். மூக்கு மறுபடியும் சொட்டு கேட்கும். 3 முதல் 5 நாட்களுக்கு மேல் போகக் கூடாது என்பது அதனால்தான். உனக்கு ரத்த அழுத்தம் வேறு இருக்கிறது. டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்திவிடு. சில இரவுகள் மூச்சுவிடத் திணறலாகத்தான் இருக்கும். ஒரே நேரத்தில் முடியாவிட்டால் முதலில் ஒரு மூக்கில் மட்டும் நிறுத்தலாமா என்று கேட்டுப் பார்.

ஸ்பிரேயில் உள்ள ஸ்டீராய்டு, மாத்திரையாகவோ ஊசியாகவோ உடம்பு முழுக்கப் பாய்வது போன்றதல்ல. மூக்கில் அடிக்கும் புளூட்டிகசோனில் ரத்தத்தில் கலப்பது நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஆனால் உடனே வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதே. முழுப் பலன் தெரிய ஓரிரு வாரங்கள் ஆகலாம். "மூன்று நாள் அடித்தேன், ஒன்றும் கேட்கவில்லை" என்று பாட்டிலைத் தூக்கி எறிந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடிக்கும் விதம்தான் முக்கியம். முதலில் மூக்கைச் சிந்திக்கொள். பாட்டிலைக் குலுக்கு, புதியதென்றால் மெல்லிய சாரல் வரும்வரை வெளியே அடித்துப் பார். தலையை அண்ணாந்து வைக்காதே, சற்றே குனி. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. நுனி அந்தப் பக்கத்துக் காதை நோக்கி இருக்கட்டும். இரு மூக்குத் துளைகளுக்கும் நடுவிலுள்ள தண்டில் தினமும் மருந்து பட்டால் அது புண்ணாகி ரத்தம் கசியும். கவனிக்காமல் விட்டால், அபூர்வமாக, ஓட்டைகூட விழலாம். அடிக்கும்போது மெதுவாக மூச்சை இழுத்தால் போதும். உறிஞ்சி இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். அப்படி இறங்கினால் துப்பிவிடு. உப்பு நீரால் மூக்கைக் கழுவும் வழக்கம் இருந்தால் ஸ்பிரேக்கு முன்பே கழுவு, கொதித்து ஆறிய தண்ணீரில் மட்டும். டாக்டர் சொன்ன அளவைத் தாண்டாதே. அடங்கியதும் அவரே குறைப்பார்.

மூக்கில் அடிக்கடி ரத்தம் வந்தால் நிறுத்திவிட்டுக் காட்டு. உன் அம்மாவுக்குக் கண் நீர் அழுத்த நோய் இருந்ததே, அதை டாக்டரிடம் கட்டாயம் சொல். பேரனுக்கும் தும்மல் என்றாயே, உன் பாட்டிலை அவனுக்குக் கொடுக்காதே. குழந்தைகளுக்கு அளவு வேறு. நீண்ட நாள் அடித்தால் உயரத்தையும் அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும்.

பக்கத்துக் காலி மனையில் மண்டியிருக்கும் பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே ஆள் வைத்துப் பிடுங்கச் சொல். அதன் மகரந்தம் அலர்ஜியைக் கிளப்பும், நீ கிட்டே போகாதே. தலையணை உறைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்துவிடு.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாளே வந்துவிடுகிறேன். ஸ்பிரேயை எடுத்து வை. எப்படி அடிக்கிறாய் என்று நேரில் பார்க்கிறேன். பட்டுப் புடவை எடுக்க நான் வரும்வரை காத்திரு.

அன்புடன்,
மீனாட்சி