ஆலங்கட்டி மழைக்கு "பொதுமக்கள் மகிழ்ச்சி"ன்னு தலைப்பு போடாதீங்க சார்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பக்கம் கல்லு மழை பெஞ்சதுக்கு உங்க பேப்பர்ல மாவட்டச் செய்தில ஒரு போட்டோ வந்துச்சு, பசங்க எவர்சில்வர் தட்டுல ஐஸ் கட்டிய அள்ளி வச்சிக்கினு சிரிக்கறாங்க, மேல "திடீர் ஆலங்கட்டி மழை: பொதுமக்கள் மகிழ்ச்சி". மார்ச் கடைசில இருந்து கத்திரி முடியற வரைக்கும் வருஷா வருஷம் இதே தலைப்புதான், ஊர் பேரு மட்டும் மாறும், ஒரு தடவ பேரணாம்பட்டு, ஒரு தடவ ஆம்பூர், ஒரு தடவ எங்க குடியாத்தம். தார்சு வீட்ல, அதான் கான்கிரீட் மாடி வீட்ல இருக்கறவங்களுக்கு சந்தோஷம்தான், அத நான் இல்லன்னு சொல்லல, 40 டிகிரிக்கு மேல வெந்துகினு இருக்கறப்போ யாருக்குத்தான் குளுகுளுன்னு இருக்காது. ஆனா எங்க தெருவுல பாதி ஓட்டு வீடு, மீதில பெரும்பாலும் சிமெண்ட் ஷீட்டு, பல வீட்ல உள்ள தறி ஓடுது.

பக்கத்து வீட்டு அண்ணன் லுங்கி நெய்யறவரு. நெல்லிக்கா சைஸ்ல கல்லு விழுந்து அவரு வீட்டு ஓடு நாலஞ்சு எடத்துல உடைஞ்சு தண்ணி நேரா பாவு மேல, அதான் தறில நீளவாக்குல கட்டுன நூல் மேல ஊத்திடுச்சு. பாவு நனைஞ்சா இன்னா ஆவும்னு நெசவு தெரிஞ்சவங்களுக்கு சொல்லத் தேவையில்ல, நூலுக்கு போட்ட கஞ்சி எறங்கி ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும், அப்பால குறுக்கு நூல் கொண்டு போற நாடாவ ஓட்ட ஓட்ட அறுந்துகினே இருக்கும். ஓடு செலவு தனி, இந்த நஷ்டம் தனி. உடைஞ்ச ஓடுங்கள மாத்தறதும் லேசு இல்ல, பழைய ஓடு ஒரு அளவு, இப்ப கடைல வர்றது வேற அளவு, பள்ளத்துல சரியா உக்காராது, எங்கயாவது பழைய வீடு இடிக்கறாங்கன்னா போய் கேட்டு வாங்கிட்டு வரணும்.

இவ்ளோ வெயில் அடிக்கற ஊர்ல ஐஸ் எப்டிங்க விழுதுன்னு எங்க பசங்களே கேக்குது. வெயில்தான் அதுக்கு காரணமே. தரை சூடாவ சூடாவ காத்து வேகமா மேல ஏறுது, வங்காள விரிகுடால இருந்து வர்ற ஈரக்காத்தும் அதோட சேந்துக்குது, இந்தப் பக்கம் ஜவ்வாது மலை அந்தப் பக்கம் ஆந்திரா மலைன்னு காத்த மேல தள்ளி வுட ஆளும் இருக்கு, சாயந்திரம் ஆனா மேகம் 10 கிலோமீட்டர் தாண்டி வளந்து நிக்கும். கோடைலயும் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல போனா ஜீரோ டிகிரிக்கு கீழதான். மேல ஏறுற காத்து கல்ல கீழ வுடாம தாங்கிப் புடிக்க புடிக்க அது மேல தண்ணி ஒட்டி உறைஞ்சு பெருசாயிடும், கனம் தாங்காதப்போ பொத்துனு வுழும். வர்ற வழியில நெறைய கரைஞ்சிடுது, அதான் நம்ம ஊர்ல பொதுவா சின்னதா இருக்கு. வடக்க அப்டி இல்ல, 1888 ஏப்ரல் 30ஆம் தேதி உத்தரப்பிரதேசம் மொராதாபாத்ல கல்லு மழைல 246 பேர் செத்துருக்காங்க. நம்ம ஊர்ல அந்த அளவுக்குன்னு பயமுறுத்த நான் எழுதல, கல்லு மழைய விளையாட்டா எடுத்துக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

விஷயத்துக்கு வரேன். அரசாங்கத்தோட பேரிடர் நிவாரண விதில புயல், வெள்ளம் மாதிரியே ஆலங்கட்டி மழையும் லிஸ்ட்ல இருக்கு, இது எங்க ஆளுங்க பல பேருக்கு தெரியவே தெரியாது. 2022ல மத்திய அரசு போட்ட கணக்குப்படி சமவெளில வீடு மொத்தமா போனா 1,20,000 ரூபா, ஒரு பகுதி சேதம்னா பக்கா வீட்டுக்கு (செங்கல், சிமெண்ட்னு உறுதியா கட்டுனது) 6,500, கச்சா வீட்டுக்கு (மண்ணு, ஓலை மாதிரி) 4,000. ஆனா அந்த பகுதி சேதத்துக்கு கொறஞ்சது 15 சதவீதமாவது போயிருக்கணும். இங்கதான் சிக்கல். கல்லு மழை சுவர இடிக்காது, கூரையதான் ஓட்ட போடும். 40 ஓடு உடைஞ்ச வீடு குடியிருக்க லாயக்கில்ல, ஆனா சுவர் நிக்குதே, இது எத்தன சதவீதம்? ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க. அதோட அதிகாரி வந்து பாக்கற வரைக்கும் யாரும் கூரைய தொறந்து போட்டுக்கினு இருக்க முடியாது, அடுத்த நாள் சாயந்திரமே மறுபடியும் இடி இடிக்குது, தார்ப்பாயோ பழைய ஷீட்டோ போட்டு மூடிடுவோம், அப்பால வந்து பாத்துட்டு "இன்னா சேதம், ஒன்னும் இல்லயே"ன்னு போயிடறாங்க. அதனால மூடறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் செல்போன்ல போட்டோ எடுங்க, உள்ள இருந்து வானம் தெரியுதுல்ல அதையும் எடுங்க, விஏஓ ஆபீஸ்ல எழுதிக் குடுத்து கையெழுத்து வாங்குங்க, மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை நம்பர் 1077க்கும் சொல்லி வைங்க.

இன்னொன்னு, இது ரொம்ப முக்கியம், சிமெண்ட் ஷீட்டு வெடிச்சா உடனே மேல ஏறாதீங்க. மழைல ஊறுன ஷீட்டு கால் வச்சா பொத்துக்கும், நேரா கீழதான். அடில சட்டம் போற எடம் பாத்து குறுக்க பலகை போட்டு அது மேலதான் போகணும். உடைஞ்ச துண்டுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காய வச்சு தொடப்பத்தால பெருக்குனா தூசு நுரையீரலுக்கு போவும், ஈரமா இருக்கறப்போவே அள்ளிடுங்க. மாடி வீட்டுக்காரங்களும் ரொம்ப சிரிக்காதீங்க, கல்லு போய் மாடில மழைத்தண்ணி எறங்கற குழாய அடைச்சிக்கும், மாடில தண்ணி தேங்கி நின்னு ரெண்டு நாள் கழிச்சு சீலிங்ல ஈரம் எறங்கும்.

இன்சூரன்ஸ் கத தனி. கார் பாலிசில ஆலங்கட்டி மழைன்னு பேரு போட்டே இருக்கும். வீட்டுக்கு 2021 ஏப்ரல்ல இருந்து எல்லா கம்பெனியும் பாரத் கிரஹ ரக்ஷான்னு ஒரே மாதிரி பாலிசி தரணும், அதுல புயல், சூறாவளி, வெள்ளம்னு வரிசையா இருக்கு, ஆலங்கட்டின்னு தனியா வார்த்தை இல்ல. பாலிசி எடுக்கறவங்க ஆலங்கட்டிக்கு குடுப்பீங்களான்னு ஏஜெண்ட்ட வாயால கேக்காதீங்க, எழுத்துல வாங்குங்க. சோலார் போட்டவங்களுக்கும் அதேதான், பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் கெடைக்குதுன்னு நெறைய பேர் போடறாங்க, நல்ல விஷயம்தான், பேனல 25 மில்லிமீட்டர் ஐஸ் உருண்டைய மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல அடிச்சு டெஸ்ட் பண்றாங்க, அதனால சின்ன கல்லு தாங்கும், அதவிட பெருசுக்கு வாரண்டி இருக்கான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

மாந்தோப்பு வச்சிருக்கவங்க கஷ்டம் பெரிய கத, அதுக்கு வேற யாராவது எழுதணும்.

உங்ககிட்ட கேக்கறது ஒன்னுதான் சார். கூரை சேதத்துக்கு அந்த 15 சதவீதத்த எத வச்சு அளக்கறாங்க, கூரைக்கா மொத்த வீட்டுக்கா, மழை பெஞ்சு எத்தன நாளுக்குள்ள வந்து பாப்பாங்கன்னு உங்க ரிப்போர்ட்டர வுட்டு வேலூர் கலெக்டர் ஆபீஸ்ல கேட்டு அவங்க சொல்றத அப்டியே பேப்பர்ல போடுங்க. திங்கக்கிழமை குறைதீர்வு கூட்டத்துக்கு எங்க தெருக்காரங்க மனு எடுத்துக்கினு போறப்போ அந்த கட்டிங்கையும் சேத்து பின் அடிச்சிக்குவோம்.

இப்படிக்கு,
உங்க வாசகர்,
நெல்லூர்பேட்டை, குடியாத்தம்